இசக்கியப்பனின் வலது கை

சுகப்பிரியாவின் அறைக்கு முதல் தடவை வந்த அன்று இசக்கியப்பன் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாப்பாட்டு இடைவேளை முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

“ஒங்ககிட்ட சொன்னா வெளிய போவாதுல்லா மேடம்?”

“போகாது. இந்த ரூமை விட்டு ஒரு வார்த்தை வெளியே போகாது.”

எல்லோரிடமும் அவள் அதைத்தான் சொல்வாள். நம்பித்தான் சொன்னாள்.

ஒரகடத்தில் கார்களுக்கு வேண்டிய இரும்புப் பாகங்களை அடித்துத் தரும் நடுத்தரத் தொழிற்சாலை அது. பாகங்களை வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வந்தவர்கள், தொழிலாளர் மனநலத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதன்பிறகு அவசரமாக உண்டான வேலைதான் சுகப்பிரியாவுடையது. உளவியலில் முதுகலை, முப்பத்தொரு வயது, வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும். கேன்டீனை ஒட்டிச் சீருடை மூட்டைகள் கிடந்த அறையைக் காலிசெய்து, இரண்டு நாற்காலியும் ஒரு மேசையும் போட்டு, கதவில் ‘மனநல ஆலோசகர்’ என்று ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒட்டியிருந்த எழுத்தைப் பார்த்தே பாதிப் பேர் உள்ளே வரமாட்டார்கள். வருகிறவர்களும் தலைவலி மாத்திரை கேட்க வந்தவர்கள் போல வாசலிலேயே நின்று பார்ப்பார்கள்.

இசக்கியப்பனுக்கு இருபத்தேழு வயது. சங்கரன்கோவில் பக்கம். நான்கு வருடமாக, தகட்டை அடித்து வடிவாக்கும் பிரஸ் லைனில் ஒப்பந்தத் தொழிலாளி. பிள்ளைப்பாக்கத்தில் ஐந்து பேரோடு ஓர் அறையில் இருந்தான்.

“தூக்கமே வரமாட்டேங்கு மேடம். கண்ண மூடுனா பிரஸ் எறங்குத சத்தந்தான் கேக்கு. பகல் ஷிப்ட்டு, ராத்திரி ஷிப்ட்டுன்னு மாத்தி மாத்திப் போட்டு, எப்ப தூங்கணும்னே ஒடம்புக்கு மறந்துபோச்சு.”

“எத்தனை நாளா?”

“மூணு மாசம் இருக்கும்.” கொஞ்சம் யோசித்தான். “இன்னொன்னு. சொன்னா தப்பா எடுத்துக்கிடாதீங்க. சில நேரம் பிரஸ் மேல போவும்லா, அப்ப இந்தக் கைய உள்ள வச்சா என்னன்னு தோணுது. வச்சிட்டா ஒரு மாசம் படுத்துத் தூங்கலாம்லான்னு தோணுது.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். சுகப்பிரியா சிரிக்கவில்லை.

“வைக்கணும்னு நினைக்கிறீங்களா, இல்ல சும்மா தோணிட்டுப் போகுதா?”

“சும்மாதான். ஈ வந்து ஒக்காந்துட்டுப் போற மாதிரி.”

அப்படிப்பட்ட எண்ணங்கள் எவருக்கும் வரும் என்று அவனுக்கு விளக்கினாள். எண்ணம் வேறு, செயல் வேறு என்றாள். மூச்சை நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடும் பயிற்சி ஒன்றைச் சொல்லிக் கொடுத்தாள். அவன் மரியாதைக்காக இரண்டு தடவை செய்து காட்டிவிட்டுக் கிளம்பினான்.

அன்று மாலை அவள் கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் படிவத்தை நிரப்பினாள். ‘கவனிக்க வேண்டிய வாக்கியங்கள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. வழக்கமாக அதை வெறுமையாக விட்டுவிடுவாள். வந்தவர்கள் சொன்னதையெல்லாம் தன்னுடைய சொந்த நோட்டில், பெயர் போடாமல் எண் மட்டும் போட்டு எழுதி வைப்பது அவள் பழக்கம். அன்று ஏனோ பொறுப்பாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. அவன் சொன்னதை அவன் சொன்னபடியே தட்டச்சு செய்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்றேகாலுக்கு, மூன்றாம் எண் பிரஸ்ஸில் இசக்கியப்பனின் வலது கை மாட்டியது. கட்டைவிரலைத் தவிர மற்ற நான்கும் போயின.

சுகப்பிரியாவுக்கு அது தெரிந்தது மறுநாள், தாம்பரத்திலிருந்து வரும் கம்பெனி பஸ் ஒரகடம் கூட்ரோட்டில் நின்றபோதுதான். அங்கே ஏறிய காவேரி நேராக அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காவேரி பிள்ளைப்பாக்கத்துக்காரி. அதே லைனில் ஐந்தாம் எண் பிரஸ்ஸில் நிற்பவள்.

“மேடம், இன்னும் தெரியாதா உங்களுக்கு? இசக்கி கை போயிடிச்சு.”

“எந்த இசக்கி?” என்று கேட்டாள், தெரிந்துகொண்டே.

“நம்ம இசக்கியப்பன் தான். நான் ரெண்டு மிஷின் தள்ளி நிக்கிறேன். சத்தமே இல்ல மேடம். கத்தவே இல்ல அவன். கையப் பாத்துக்கினே நின்னான்.”

காவேரிதான் அவளுக்கு அந்த மிஷினைப் பற்றிச் சொன்னாள். தகட்டை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் உள்ளே போக எந்தக் கையும் மிச்சமிருக்காது. அதற்கும் மேலே, கை குறுக்கே போனால் மிஷினை நிறுத்தும் சென்சார். ஆனால் மூன்றாம் எண்ணிலும் ஐந்தாம் எண்ணிலும் ஒரு பட்டன் எப்போதும் அழுந்தியே இருக்கும்படி டேப் ஒட்டியிருக்கும். ஒரு கையால் அழுத்திக்கொண்டே மறு கையால் பாகத்தை எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு நாற்பது பாகம் கூட வரும். சென்சாரும் அணைந்தே இருக்கும்; அதை அணைக்கும் சாவி சூப்பர்வைசர் எல்லப்பனிடம்.

“என்கிட்ட வந்தப்போ இதை நீ சொல்லவே இல்லையே காவேரி?”

“நீங்க கேக்கவே இல்லையே மேடம். தூக்கம் வருதா, பசிக்குதா, வூட்ல சண்டையான்னு கேட்டீங்க. அதுக்கு பதில் சொன்னேன்.”

அன்று மதியம் மனிதவள மேலாளர் ராஜசேகர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேசை மேல் ஒற்றைத் தாள் இருந்தது. அவள் நிரப்பிய படிவம். அந்தக் கட்டத்தில் இருந்த இரண்டு வரிகளுக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள்.

“சார், இது ரகசியமானது. உங்ககிட்ட எப்படி வந்தது?”

“லேப்டாப் கம்பெனியோடது மேடம். அதுல இருக்கறதும் கம்பெனியோடது. ஒப்பந்தத்துல ஏழாவது பக்கத்துல இருக்கு. நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க.”

அவள் ஏழாவது பக்கத்தைப் படித்ததில்லை.

“நாங்க யாரையும் குத்தம் சொல்லல,” என்றார் ராஜசேகர். குரல் உண்மையாகவே மென்மையாக இருந்தது. “பாவம், அந்தப் பையனுக்கு மனசு சரியில்ல. உங்ககிட்டயே சொல்லியிருக்கான், கைய வச்சா ஒரு மாசம் தூங்கலாம்னு. வச்சிட்டான். விசாரணையில இதை நீங்க உறுதிப்படுத்தினா போதும்.”

“அது எண்ணம் சார். திட்டம் இல்ல.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கமிட்டியில சொல்லுங்க. ஃபார்ம்ல ரெண்டு கட்டம்தான் இருக்கு. இயந்திரக் கோளாறு. ஊழியரின் சொந்தச் செயல். ஏதாவது ஒண்ணுல டிக் போடணும்.”

எம்.எஸ்ஸி. தேர்வில் அவளுக்கு ஒரு கேள்வி வந்திருந்தது. மனிதனின் நடத்தையைத் தீர்மானிப்பது அவன் இயல்பா, அவன் நிற்கும் சூழலா? விவாதிக்க. பன்னிரண்டு மதிப்பெண். நாலு பக்கம் எழுதினாள். ஒரு பக்கத்து ஆய்வுகளையும் மறுபக்கத்து ஆய்வுகளையும் வரிசையாக அடுக்கி, கடைசியில் இரண்டும் பின்னிப்பிணைந்தவை என்று முடித்தாள். பத்து மதிப்பெண் கிடைத்தது. ராஜசேகரின் படிவத்தில் பின்னிப்பிணைந்ததற்குக் கட்டம் இல்லை.

மறுநாள் ஸ்ரீபெரும்புதூரில் அவனைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். பொது வார்டின் கடைசிக் கட்டில். வலது கை, மணிக்கட்டுக்கு மேல் வரை கட்டுப்போட்டு, வெள்ளைப் பொட்டலம் போல ஒரு தலையணை மேல் கிடந்தது. மருந்து மயக்கத்தில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். கட்டிலின் கால்மாட்டில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். பக்கத்தில் ஸ்டூல் காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை.

“நீங்கதான் அந்த மனசு டாக்டரா தாயி?”

“டாக்டர் இல்லய்யா. ஆலோசகர். நீங்க இசக்கியோட அப்பாவா?”

“ஆமா. உச்சிமாகாளி.” அவர் குரலைத் தாழ்த்தினார். “எம் மவனுக்குப் பைத்தியமா தாயி?”

“யார் சொன்னா?”

“கம்பெனியில இருந்து ஒருத்தர் வந்தாரு. நல்லாத்தான் பேசுனாரு. குடும்பத்துல யாருக்காவது மனசு சரியில்லாம இருந்துச்சா, யாராச்சும் தற்கொல பண்ணிருக்காவளான்னு கேட்டாரு. எனக்கு சூது தெரியல. எங்க சித்தப்பா மவன் ஒருத்தன் மருந்தக் குடிச்சுச் செத்தான்னு சொல்லிட்டேன். அத எழுதிக்கிட்டாரு. வம்சத்துலயே இருக்குன்னு சொன்னாரு.” அவர் மகனைப் பார்த்தார். “அந்த வருசம் மழயே கெடையாது. கெணறு வத்திப்போயி, மாட்டயெல்லாம் வித்துட்டு நின்னான் அவன். அதயுந்தான் சொன்னேன். அத அவரு எழுதல.”

சுகப்பிரியா அவர் மகனுக்குப் பைத்தியமில்லை என்று மட்டும் சொன்னாள். அவர் தலையாட்டினார். ஆனால் அவள் சொன்னதை அவர் எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

அரைமணி கழித்து இசக்கியப்பன் கண் விழித்தான். அவளைப் பார்த்ததும் எழ முயன்றான். அப்பாவை டீ வாங்கிவரச் சொல்லி அனுப்பினான்.

“மேடம், நீங்க அவங்ககிட்ட சொன்னீயளா?”

“சொல்லல. எழுதி வச்சிருந்தேன். அதை எடுத்துட்டாங்க. எழுதினது என் தப்பு.”

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கோபப்படாதது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“அன்னிக்கு என்ன நடந்துச்சு இசக்கி?”

“அதத்தான் நானும் யோசிச்சுக்கிட்டுக் கெடக்கேன். ஒரு நாளைக்கு மூவாயிரம் தடவ அந்தக் கை உள்ள போயிட்டு வருது. நான் போன்னும் சொல்லுததில்ல, வான்னும் சொல்லுததில்ல. அதுவா போவும், அதுவா வரும். அன்னிக்குப் போச்சு, வரல.”

“வேணும்னு வச்சீங்களா?”

கேட்டிருக்கக் கூடாது என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

“தெரியல மேடம்,” என்றான். “சத்தியமா தெரியல. வைக்கலன்னுதான் நெனைக்கேன். ஆனா நீங்க எழுதி வச்சத அந்த ஆளு வாசிச்சுக் காட்டுனாருல்லா. அதக் கேட்டதுல இருந்து, ஒருவேள நாந்தான் வச்சேனோன்னு இருக்கு. நாந்தான சொன்னேன், தூங்கலாம்னு. இப்பத் தூங்கிக்கிட்டுதான கெடக்கேன்.”

உச்சிமாகாளி பிளாஸ்டிக் கவரில் டீயோடு திரும்பி வந்தார். மகன் இடது கையால் டம்ளரைப் பிடிக்க முயன்று, மார்பில் கொட்டிக்கொண்டான். தகப்பன் துண்டால் துடைத்தார். சுகப்பிரியா கிளம்பினாள்.

வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்தாள். இரண்டு வருடக் குறிப்புகள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எண் பதினாறு: ‘இந்த விரல் ஒண்ணு போனா கூட ஆபீஸ் வேலைக்கு மாத்துவாங்கன்னு நினைச்சேன்.’ எண் இருபத்திரண்டு: ‘பிரஸ் மேல போவும்போது உள்ளே யாரோ கூப்பிடற மாதிரி இருக்கு.’ எண் முப்பத்தொன்று: ‘கைய வச்சிட்டா வீட்ல ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல.’ மொத்தம் ஒன்பது பேர். ஒன்பதும் பிரஸ் லைன். அசெம்ப்ளியிலோ பேக்கிங்கிலோ கிடங்கிலோ வேலை செய்யும் ஒருவர் கூட அப்படிச் சொன்னதில்லை.

ஒன்பது பேருக்கும் தனித்தனியாக ஒன்பது காரணம் எழுதி வைத்திருந்தாள். கணவன் குடி. அம்மா உடல்நிலை. காதல் தோல்வி. ஒன்பது பேருக்கும் அதே மூச்சுப்பயிற்சி. ஒவ்வொருவரையும் தனி மனிதராகப் பார்க்க வேண்டும் என்பதில் அவளுக்கு உறுதி இருந்தது. அந்த உறுதியால்தான் அவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள் என்பதை இரண்டு வருடமாக அவள் பார்க்கவில்லை. நோட்டை மூடினாள்.

இதைக் கமிட்டியிடம் சொன்னால் இசக்கியப்பனைக் காப்பாற்ற முடியும் என்று தோன்றியது. கோளாறு ஒரு மூளைக்குள் இல்லை, லைனில் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்? ஆனால் லைனில் இரண்டு ஷிப்ட்டுக்கும் சேர்த்துப் பதினான்கு பேர்தான். ஒன்பது என்ற எண்ணைச் சொன்னாலே பெயரைச் சொன்ன மாதிரி. ஒருவனுக்கு ஏற்கெனவே வாக்குத் தவறியாயிற்று. அவனுக்காக இன்னும் எட்டுப் பேருக்குத் தவறுவதா? எட்டுப் பேர் என்று கணக்குப் போட்ட பிறகுதான் அந்த ஒன்பதில் இசக்கியப்பன் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அவன் பத்தாவது.

கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

அடுத்த மூன்று நாளும் மாலையில் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் போய் நின்றாள். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களில் பாதிப்பேர் அங்கேதான் இறங்குவார்கள். டீக்கடைக்குப் பின்னால் லாரிகள் நிற்கும் இடத்தில் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினாள். நீங்கள் என்னிடம் சொன்னதை, உங்கள் பெயரில்லாமல் விசாரணையில் சொல்லலாமா? வேண்டாம் என்றால் வேண்டாம். கட்டாயம் இல்லை.

ஒருவன் காதில் விழாதது போல நடந்து போனான். இரண்டு பேர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்கள், பிறகு போனை எடுக்கவில்லை. வேலை நிரந்தரமாக்கப்போற பட்டியல்ல பேர் இருக்கு மேடம், வேண்டாம் என்றாள் ஒருத்தி. அடுத்த மாதம் கல்யாணம் என்றான் இன்னொருவன். இன்னும் மூவர் வெறுமனே தலையை ஆட்டி மறுத்தார்கள். அவர்களில் ஒருவர் பெரம்பலூர் பக்கத்து ஆள், நாற்பது வயது இருக்கும். போகும்போது திரும்பி வந்து சொன்னார்: “அன்னைக்கு உங்ககிட்ட வாயத் தொறந்ததே தப்பும்மா. இப்பத்தான் தெரியுது.”

கடைசியாகக் காவேரி. அவள் டீயை ஊதிக் குடித்து முடித்தாள்.

“யாரும் ஒத்துக்கலியா?”

“இல்ல.”

“ஒத்துக்க மாட்டாங்க. யாரு ஒத்துப்பாங்க?” கிளாஸை வைத்தாள். “என் பேரோடவே சொல்லுங்க மேடம். நானே வந்து சொல்றேன். எனக்கும் தோணிச்சு, இன்னா இப்போ? தோணாம இருக்க நான் இன்னா கல்லா? அந்த டேப்பு கீதே, அது ஒட்னது யாருன்னும் சொல்றேன்.”

“வேலை போகலாம் காவேரி.”

“தெரியும்.”

“யோசிச்சுக்கோ.”

“ரெண்டு மிஷின் தள்ளி நின்னு பாத்துக்கினு இருந்தேன் மேடம். இதுக்கு மேல இன்னாத்த யோசிக்கிறது?”

விசாரணை அடுத்த வாரம், மாடியில் ஏ.சி. அறையில். தலைமை, ஆலையின் பொது மேலாளர் கோதண்டராமன். முப்பது வருடம் இயந்திரங்களோடு இருந்தவர், குரலை உயர்த்தாதவர். அவர் பக்கத்தில் ராஜசேகர். எதிரே எல்லப்பன், காவேரி, சுகப்பிரியா.

காவேரி முதலில் பேசினாள். டேப்பைப் பற்றி, சாவியைப் பற்றி, நாற்பது பாகம் கூட வருவதைப் பற்றி. கோதண்டராமன் எல்லப்பனைப் பார்த்தார்.

“உண்மையா?”

எல்லப்பன் எழுந்தார். பக்கத்து ஊர்க்காரர். இருபது வருடத்துக்கு முன் அதே பிரஸ்ஸில் நின்றவர், இடது சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். “சார், டார்கெட் மேலேர்ந்து வருது. ரெண்டு கையால அழுத்திக்கினு இருந்தா அந்த டார்கெட் வராது. அது உங்களுக்கும் தெரியும். நான் இன்னா சார் பண்றது?”

“டேப் ஒட்டச் சொல்லி நான் சொன்னேனா?”

“சொல்லல சார்.”

“உக்காருங்க.”

சுகப்பிரியா தன் பேச்சை நான்கு தடவை எழுதிப் பார்த்திருந்தாள். அங்கே அதில் ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை. எண்ணம் வருவது எவர் கையிலும் இல்லை என்றாள். மூன்று மாதம் தூங்காத மூளை எண்ணங்களை வடிகட்டாது என்றாள். பிறகு நேராக அவரைப் பார்த்துக் கேட்டாள்: “சார், உயரமான மாடி விளிம்புல நிக்கும்போது, இங்கேர்ந்து குதிச்சா என்னன்னு உங்களுக்குத் தோணினதே இல்லையா?”

“தோணியிருக்கு,” என்றார் கோதண்டராமன். “ஆனா நான் குதிக்கலையே மேடம்.”

“உங்களை அந்த விளிம்புல தினம் எட்டு மணி நேரம் யாரும் நிக்க வைக்கலையே சார். கைப்பிடிச்சுவரை இடிச்சுட்டு.”

ராஜசேகர் எழுதுவதை நிறுத்தினார். ஒரு நிமிடம் அவளுக்கு நம்பிக்கை வந்தது.

“சரி,” என்றார் கோதண்டராமன். “நீங்க படிச்சவங்க. ஒரே ஒரு கேள்வி. அவன் வேணும்னு கைய வைக்கலைன்னு உங்களால உறுதியாச் சொல்ல முடியுமா? முடியும், முடியாது. ரெண்டுல ஒண்ணு.”

அவளுக்கு முன்னால் தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருவர் மனதுக்குள் அந்த ஒரு நொடியில் என்ன நடந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. அவனாலேயே முடியவில்லை. பொய் சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்விக்கு அது நிற்காது, காவேரி சொன்னதையும் சேர்த்துக் கெடுக்கும் என்று பயந்தாள். அல்லது பொய் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. பின்னாளில் பலமுறை யோசித்தும் அந்த இரண்டில் எது என்று அவளுக்கு விளங்கவில்லை.

“முடியாது,” என்றாள். “ஆனா...”

“போதும் மேடம். நன்றி.”

ராஜசேகர் எழுதினார். ‘ஆனா’வுக்குப் பிறகு அவள் பேசியதை அவர் எழுதவில்லை.

பத்து நாளில் அறிக்கை வந்தது. விபத்துக்கான காரணம் ஊழியரின் மனநிலை. வேண்டுமென்றே செய்யப்பட்டதல்ல என உறுதிப்படுத்த ஆலோசகரால் இயலவில்லை. ஒப்பந்ததாரர் இசக்கியப்பனின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். தொழிலாளர் காப்பீட்டில் அவனுடைய மனு விசாரணைக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. காவேரியை, அவளுக்கும் அதே எண்ணம் வருவதாக அவளே சொன்னதால், அவளது பாதுகாப்பை முன்னிட்டு பிரஸ்ஸிலிருந்து எடுத்தார்கள். ஒரு மாதம் பேக்கிங்கில் வைத்திருந்துவிட்டு, ஆள் தேவையில்லை என்று நிறுத்தினார்கள். அவள் இப்போது வல்லம் பக்கம் வேறொரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். அங்கேயும் பிரஸ்தான்.

சுகப்பிரியாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவளுக்குப் பதிலாக ஒரு நிறுவனத்தை அமர்த்தினார்கள். அவர்கள் ஆள் அனுப்புவதில்லை, கேள்வித்தாள் அனுப்புகிறார்கள். லைனில் நிற்கும் எல்லோரும் அறுபது கேள்விக்கு ஆம், இல்லை என்று குறிக்க வேண்டும். இயந்திரத்தில் உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றியதுண்டா என்பது நாற்பத்தொன்றாவது. எல்லோரும் இல்லை என்று குறித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள் என்று காவேரி போனில் சொன்னாள். டேப்பை எடுத்துவிட்டார்களா என்று கேட்டாள் சுகப்பிரியா. ரெண்டு வாரம் எடுத்திருந்தாங்க என்றாள் காவேரி.

தொழிற்சாலைப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அலுவலகத்துக்குக் காவேரியின் சம்மதத்தோடு ஒரு புகார் எழுதிக் கொடுத்தாள் சுகப்பிரியா. பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு வந்தது. இதுவரை வேறெதுவும் வரவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் உச்சிமாகாளி கூப்பிட்டார். மகனை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். போவதற்கு முன் அவன் அவளைப் பார்க்க வேண்டும் என்கிறானாம்.

ஒரகடம் கூட்ரோட்டில், கிளாம்பாக்கம் போகும் பஸ்ஸுக்காக இருவரும் நின்றிருந்தார்கள். மதியம் மூன்று மணி. கன்டெய்னர் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. தகப்பனின் தோளில் ஒரு பை, மகனின் இடது கையில் இன்னொரு பை. வலது கையை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்திருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது.

“தூக்கம் வருதா?” என்று கேட்டாள். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

“வருது. கனவுதான் வருது.”

பெரியவர் பஸ் வருகிறதா என்று பார்க்கப் போகிறவர் போலக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். இசக்கியப்பன் பையைக் கீழே வைத்தான்.

“மேடம், ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஊருக்குப் போனா எல்லாரும் கேப்பாவ. எங்கம்மா கேப்பா. நானா வச்சேனா, மிஷின் அடிச்சுச்சான்னு. மத்தவங்களுக்கு ஏதோ சொல்லிக்கிடலாம். எனக்கு நான் என்னத்தச் சொல்ல? கண்ண மூடி அந்த நேரத்த நெனச்சுப் பாத்தா, ஒரு தரம் நான் வைக்காத மாதிரி இருக்கு. இன்னொரு தரம் வச்ச மாதிரியே இருக்கு. நெனைக்க நெனைக்க மாறிக்கிட்டே போவுது.”

நினைவு அப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அது கொஞ்சம் மாறும். அடுத்தவர் சொன்னது அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். இனி அவனுக்கு அந்த நொடி கலப்பில்லாமல் கிடைக்கப்போவதில்லை. அதைச் சொல்லவா?

“நீங்க படிச்சவங்க,” என்றான். “நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க. நான் வைக்கலன்னு சொல்லுங்க. நான் அதையே நம்பிக்கிடுதேன்.”

பஸ் வந்தது. உச்சிமாகாளி கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீ வைக்கல,” என்றாள் சுகப்பிரியா.

அவன் அவள் முகத்தையே பார்த்தான். விசாரணை அறையில் அவள் என்ன சொன்னாள் என்பது அவனுக்குத் தெரியும். அறிக்கையின் நகல் அவன் பையில்தான் இருந்திருக்கும்.

“சரி மேடம்,” என்றான்.

இடது கையால் பையைத் தூக்கினான். படிக்கட்டில் ஏறும்போது பழக்கத்தில் வலது கையைக் கம்பியை நோக்கி நீட்டி, சட்டைக்கையால் அதை இடித்துத் தடுமாறினான். பின்னாலிருந்த தகப்பன் அவன் இடுப்பைப் பிடித்து உள்ளே தள்ளினார். கண்டக்டர் விசில் அடித்தார். கூட்டத்தில் அவனுக்கு உட்கார இடம் கிடைத்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.